கதவு ஏன் ஏறவில்லை? ரிமோட்டிலிருந்து மலைச்சரிவு வரை

எல்ல நகரின் பிரதான வீதியில் கடையோ, உணவகமோ, மோட்டார் சைக்கிள் வாடகைக்கு விடும் இடமோ, முகப்பில் இருப்பது ரோலர் கதவுதான். வீதியை விட்டு மேலே ஏறினாலும் கீழே இறங்கினாலும் அதே கதவைப் பார்க்கலாம். சுற்றுலா விடுதிகளின் வாகனக் கொட்டகையிலும், வெளிநாட்டில் உழைத்து அனுப்பிய காசில் எழுந்த வீடுகளின் கீழ்த்தட்டிலும் அது வந்துவிட்டது. பண்டாரவளை, ஹாலிஎல, பசறை, பதுளை என்று ஊவாவின் மற்ற ஊர்களிலும் இதே கதைதான்.

அந்தக் கதவு ஒரு காலை ஏறாமல் நின்றால், அதனோடு சேர்ந்து பல காரியங்கள் நிற்கின்றன. உள்ளே த்ரீவீல் இருக்கிறது. தோட்டத்தில் பேர் போட்டுக் கிடைக்கும் சம்பளம் போதாமல் லீசிங்கில் எடுத்த வண்டி அது. ரயிலுக்குப் போக வேண்டிய பயணி ஒருவர் வெளியே காத்திருக்கிறார். வீட்டில் யாருக்காவது சுகமில்லை என்றால் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போகவும் அந்த வண்டிதான்.

கதவு போட்ட பாஸுக்கு உடனே அழைப்பு போகிறது. "பாஸ், கதவு தூக்க மாட்டேங்குது. மோட்டர் மட்டும் உறுமுது. கொஞ்சம் வந்து பாருங்க."

நல்ல பாஸ் என்றால் முதலில் இதைத்தான் சொல்வார்: "அண்ணே, திரும்பத் திரும்ப சுவிட்ச அமுக்காதீங்க. கரண்ட் சரியா வருதான்னு மொதல்ல பாருங்க."

இந்தப் பதிலில் ஒரு முழுப் பாடம் இருக்கிறது. ஏறாத கதவைப் பலவந்தப்படுத்தக் கூடாது. காரணத்தை வரிசையாகத் தேட வேண்டும். கையிலுள்ள ரிமோட்டில் தொடங்கி மோட்டர், சுருள்வில், தகடு, சுவர், கடைசியில் நிலம் என்று அந்தத் தேடல் வெளிநோக்கிப் போக வேண்டும். சமவெளியில் இருப்பவர் சுவரோடு நிறுத்திக்கொள்ளலாம். ஊவாவின் சரிவுகளில் வாழ்பவர் நிலம்வரை போய்த்தான் ஆக வேண்டும். இந்தக் கட்டுரை சொல்ல வருவது அதைத்தான்.

கரண்ட், ரிமோட், பூட்டு

முதல் கேள்வி, கதவு எதற்குமே அசையவில்லையா, அல்லது ரிமோட்டுக்கு மட்டும்தானா? சுவரிலுள்ள பொத்தானை அழுத்திப் பாருங்கள். அதற்குக் கதவு ஏறினால் மோட்டரில் பிழையில்லை. ரிமோட்டின் பெட்டரி தீர்ந்திருக்கும். சில ரிமோட்டுகளில் நாணயம் போன்ற 3 வோல்ட் பெட்டரியும், சிலவற்றில் சிறுவிரல் நுனியளவு 12 வோல்ட் பெட்டரியும் இருக்கும். பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போவது நல்லது. புதிய பெட்டரி போட்டும் பக்கத்தில் நின்றால்தான் வேலை செய்கிறது என்றால், கொட்டகையில் அண்மையில் மாட்டிய எல்ஈடி பல்பை அணைத்துப் பாருங்கள். மலிவான சில பல்புகள் கிளப்பும் மின்னிரைச்சல் ரிமோட்டின் அலையை மூழ்கடித்துவிடும்.

சுவர்ப் பொத்தானுக்கும் அசையவில்லை என்றால் ட்ரிப் சுவிட்சைப் பார்க்க வேண்டும். ஈரம் ஏறிய பிளக், எலி கடித்த வயர், மின்னல் விழுந்த இரவு, இவற்றில் எதுவும் அதை விழவைத்திருக்கலாம். ஒருமுறை தூக்கிவிட்டும் மறுபடி விழுந்தால் அதோடு விட்டுவிட வேண்டும். எங்கோ மின்சாரம் கசிகிறது என்று அது சொல்கிறது. மின்வேலை தெரிந்தவர் வரும்வரை தொடக் கூடாது.

மோட்டர் உறுமியும் சுற்றாமல் இருப்பதற்கு இரண்டு முக்கியக் காரணங்கள் உண்டு. ஒன்று, மோட்டரைக் கிளப்பிவிடும் கெப்பாசிட்டர் பலவீனமாகிவிட்டது. அதை மாற்றுவது பெரிய செலவல்ல. ஆனால் பிளக்கைக் கழற்றிய பிறகும் அதில் மின்சாரம் தேங்கி நிற்கும் என்பதால் தெரிந்தவரே கை வைக்க வேண்டும். மற்றது வோல்டேஜ். தோட்டப் பகுதிகளில் மின்கம்பி வெகுதூரம் ஓடுகிறது. கடைசி வீடுகளில், எல்லோரும் விளக்கும் ரைஸ் குக்கரும் போடும் மாலை நேரத்தில் வோல்டேஜ் இறங்கிவிடும். இந்த வகை மோட்டரின் முறுக்குவிசை வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 180 வோல்ட் வந்தால் மோட்டரின் பலம் ஐந்தில் மூன்று பங்காகக் குறைந்துவிடும். மாலையில் அடம்பிடிக்கும் கதவு விடியற்காலையில் ஒழுங்காக ஏறுகிறதா? அப்படியானால் கோளாறு கதவில் இல்லை. மின்சாரம் வழங்கும் நிறுவனத்துக்கு அறிவிக்க வேண்டிய விஷயம் அது.

பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்தக் கூடாது என்பதற்கும் காரணம் உண்டு. உருளைக்குள் பொருத்தும் குழாய் மோட்டர்களில் பெரும்பாலானவை தொடர்ச்சியாக ஏறக்குறைய நான்கு நிமிடம் ஓடுவதற்கே செய்யப்பட்டவை. அதற்கு மேல் சூடேறினால் உள்ளே உள்ள காப்பு தானாகவே மோட்டரை நிறுத்திவிடும். அரை மணி நேரம் ஆறவிட்டால் பெரும்பாலும் மீண்டும் ஓடும். பொறுமையில்லாமல் அழுத்திக்கொண்டே இருந்தால் சுருள் கம்பி கருகி, சிறிய பழுது பெரிய செலவாகிவிடும்.

இன்னும் ஒன்று. கையால் போடும் பக்கத் தாழ்ப்பாளை இரவில் யாராவது போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். தாழ்ப்பாள் விழுந்திருக்க மோட்டரை ஓட்டினால் தகடு மடங்கி, கதவே மாற்ற வேண்டிய நிலை வரும்.

சுருள்வில்லின் வேலை

எல்லவின் ஒன்பது வளைவுப் பாலம் கட்டி முடிந்த அதே 1921ஆம் ஆண்டில்தான் அமெரிக்காவில் சி. ஜி. ஜோன்சன் மேல்நோக்கி எழும் கொட்டகைக் கதவை உருவாக்கினார். 1926இல் அதற்கு மின்மோட்டரும் வந்தது. நம் ஊர்களில் இப்போது அதிகம் காணும், ஒரே தகட்டுத் திரையாகச் சுருண்டு மேலேறும் கதவு ஆஸ்திரேலியாவின் பி அண்ட் டி நிறுவனம் 1956இல் அறிமுகப்படுத்திய வடிவத்தின் வழிவந்தது. இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றே: கதவின் பாரத்தைப் பெரும்பாலும் சுமப்பது சுருள்வில், மோட்டர் தருவது ஒரு சிறிய உந்துதல்தான்.

பத்தடி அகலமுள்ள தகட்டுக் கதவு நாற்பது, ஐம்பது கிலோ வரும். கதவு இறங்கும்போது சுருள்வில் முறுக்கேறி அந்தப் பாரத்தை வாங்கிக்கொள்கிறது. ஏறும்போது திருப்பிக் கொடுக்கிறது. வில் உடைந்துவிட்டால் முழுப் பாரமும் மோட்டரின் மேல் விழும். மோட்டர் உறுமும், கதவு ஓர் அங்குலம் எழும்பி நின்றுவிடும். சாதாரண வில் ஏறக்குறைய பத்தாயிரம் தடவை திறந்து மூடத் தாங்கும் என்பது பொதுவான கணக்கு. நாளுக்கு நான்கு தடவை திறக்கும் வீட்டில் அது ஏழு வருடம் வரும். நாள் முழுவதும் த்ரீவீல் போய்வரும் இடத்தில் அதற்குள்ளேயே தேய்ந்துவிடும்.

வில் சரியா என்று வீட்டுக்காரரே பார்த்துவிடலாம். கதவு முழுவதும் மூடியிருக்கும்போது கரண்ட்டை நிறுத்தி, மோட்டரை விடுவிக்கும் கயிற்றை இழுங்கள். பிறகு கையால் மெதுவாக இடுப்பளவு தூக்கிக் கையைத் தளர்த்திப் பாருங்கள். அங்கேயே நின்றால் வில் சரி. குற்றம் மோட்டர் பக்கம். விழப் பார்த்தால் வில் தளர்ந்துவிட்டது. தூக்கவே முடியவில்லை என்றால் வில் உடைந்திருக்கும், அல்லது தகடு எங்கோ சிக்கியிருக்கும். கதவு பாதியில் நிற்கும்போது மட்டும் அந்தக் கயிற்றை இழுக்கவே கூடாது. வில் உடைந்திருந்தால் அத்தனை கிலோவும் ஒரேயடியாகக் கீழே வரும்.

சுருள்வில்லை இறுக்குவதும் கழற்றுவதும் பயிற்சி பெற்றவரின் வேலை. கதவு மூடியிருக்கும்போதுதான் வில்லில் முறுக்கு உச்சத்தில் இருக்கிறது. அந்த நேரத்தில் ஒரு நட்டைத் தளர்த்தினால் சாவி சுழன்று கையையோ முகத்தையோ உடைத்துவிடும். உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை என்றாலும், பண்டாரவளையிலிருந்தோ பதுளையிலிருந்தோ வருபவருக்காக ஒரு நாள் காத்திருப்பது மேல்.

பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு ஓர் எச்சரிக்கை. அமெரிக்காவில் பிள்ளைகள் தானியங்கிக் கதவுகளில் நசுங்கி இறந்த பிறகுதான், 1993 முதல் செய்யப்படும் வீட்டுக் கொட்டகை மோட்டர்கள் தடை தென்பட்டால் இரண்டு நொடிக்குள் திரும்பி மேலேற வேண்டும் என்று சட்டம் வந்தது. தரையருகே இருபக்கமும் வைக்கும் ஒளிக்கண் அதற்கான ஒரு வழி. எல்லவின் பனிமூட்டமும் சிலந்தி வலையும் அந்தக் கண்ணை மறைத்துக் கதவை மூடவிடாமல் செய்யும். உலர்ந்த துணியால் துடைத்தால் சரியாகிவிடும். எரிச்சலில் அந்தக் கண்ணையே கழற்றிப் போடுவது பிள்ளையின் உயிரோடு விளையாடுவது.

கச்சானும் மழையும்

ஊவாவுக்கென்று தனிக் காரணங்களும் உண்டு. தென்மேல் பருவக்காற்று மேற்கு மலைகளில் மழையைக் கொட்டிவிட்டு, உலர்ந்த கச்சானாக நம் பக்கம் இறங்குகிறது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாத் தேயிலைக்கு உலகம் தேடும் வாசனையைத் தருவது அந்தக் காற்றுதான். எல்ல கணவாய் போன்ற இடங்களில் அது ஒடுங்கிய வழியில் புகுந்து வேகம் பிடிக்கிறது. அகலமான தகட்டுக் கதவை அது உள்நோக்கி வளைத்து, பக்கத் தண்டவாளத்தோடு அழுத்திவிடும். அப்போது மோட்டர் திணறும். சில வேளை தகட்டின் ஓரமே தண்டவாளத்தை விட்டு வெளியேறிவிடும். காற்று தணியும் வேளை பார்த்துத் திறப்பதே வழி. காற்று நேராக மோதும் திசையில் கதவு வைப்பவர், ஓரம் நழுவாதபடி கொக்கியுள்ள காற்றுத்தடைத் தண்டவாளத்தைத் தொடக்கத்திலேயே கேட்டு வாங்க வேண்டும்.

அடுத்து ஈரம். மாதக்கணக்கில் பனியும் தூறலும் படும் தண்டவாளத்தில் துருவும் மண்ணும் சேர்ந்து கெட்டியாகிவிடும். இதற்குக் கிரீஸ் பூசுவது பலரது வழக்கம். கிரீஸ் தூசியைப் பிடித்துவைத்து நிலைமையை மோசமாக்கும். தண்டவாளத்தைத் துணியால் துடைத்துச் சிலிக்கோன் ஸ்ப்ரே அடித்தால் போதும்.

மூன்றாவது, உயிரினங்கள். மோட்டர்ப் பெட்டியின் வெதுவெதுப்பைத் தேடி எறும்பும் பல்லியும் உள்ளே போய் மின்தொடுப்புகளில் நசுங்கும். பெட்டியைக் கழுவ வேண்டாம். கரண்ட்டை நிறுத்தித் திறந்து துலக்கினால் போதும். உருளையின் மேல்மூடிக்குள் குளவி கூடு கட்டியிருந்தால் கதை வேறு. குளவிக் கொட்டால் தேயிலை மலையில் எத்தனை உயிர் போயிருக்கிறது என்று தோட்டத்தவருக்குச் சொல்லத் தேவையில்லை. பல நாள் மூடிக் கிடந்த கதவை அதிரவைக்கும் முன் மேலே பார்ப்பது கட்டாயம்.

நான்காவது, மின்னல். ஒக்டோபர், நவம்பர் மாதப் பிற்பகல்களில் இடி மின்னல் அதிகம். ஒரு மின்னல் மோட்டரின் மின்பலகையை எரித்துவிடப் போதும். மேகம் கறுக்கும்போது பிளக்கைக் கழற்றிவிடுவதே மலிவான காப்பு.

சட்டம் கோணினால்

கரண்ட் சரி, வில் சரி, தண்டவாளம் சுத்தம். ஆனாலும் கதவு ஒரு பக்கம் உரசுகிறது. போன மாதம் இல்லாத உரசல் இப்போது இருக்கிறது. இங்கேதான் பாஸ் தகட்டைக் கொஞ்சம் தட்டிச் சரிசெய்துவிட்டுப் போய்விடக் கூடாது.

ஒரு நாடாவை எடுத்துக் கதவுச் சட்டத்தின் இடது மேல்மூலையிலிருந்து வலது கீழ்மூலைக்கும், வலது மேல்மூலையிலிருந்து இடது கீழ்மூலைக்கும் அளந்து பாருங்கள். சட்டம் நேராக இருந்தால் இரண்டு அளவும் ஒன்றாக இருக்கும். கதவு போட்ட நாளில் ஒன்றாக இருந்து இப்போது வித்தியாசம் வந்திருந்தால், சட்டம் கோணிவிட்டது. சட்டம் தானாகக் கோணாது. அதைப் பிடித்திருக்கும் சுவரோ, சுவரைத் தாங்கும் நிலமோ அசைந்திருக்கிறது.

மலையோர வீட்டின் வாகனக் கொட்டகை பெரும்பாலும் வீட்டின் பலவீனமான மூலையில் இருக்கிறது. வீதிமட்டத்துக்குக் கொண்டுவர ஒரு பக்கம் மலையை வெட்டி, மறுபக்கம் மண்ணைக் கொட்டி நிரப்பித் தளம் எடுத்திருப்பார்கள். நிரப்பிய மண் மழைக்கு மழை இறங்கும். எல்லாக் கோணலும் மண்சரிவின் அறிகுறி அல்ல. பல இடங்களில் இந்த இறக்கமே காரணம். ஆனால் இதுவரை ஒழுங்காக இருந்த கதவும் ஜன்னலும் திடீரென இறுகுவது சரிவு நகர்வதற்கான அறிகுறிகளில் ஒன்று என்று உலகெங்கும் நிலவியலாளர்கள் சொல்கிறார்கள். சுவரிலும் தரையிலும் புதிய வெடிப்பு, சாய்ந்த மரமும் மின்கம்பமும், திடீரெனத் தோன்றும் அல்லது வற்றும் ஊற்று, கலங்கி வரும் நீர் ஆகியவையும் அதே பட்டியலில் இருக்கின்றன.

ஊவா இதை அனுபவித்து அறிந்த மண். 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை இறங்கி லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை காகிதத்தில் இருந்தது. மக்கள் லயத்தில் இருந்தார்கள். அதே 2014இன் இறுதியிலிருந்து உமா ஓயா திட்டத்தின் சுரங்கத்துக்குள் நிலத்தடி நீர் பாய, பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றின, ஆயிரக்கணக்கான வீடுகளில் வெடிப்பு விழுந்தது. 2017இல் பண்டாரவளை வீதிகளில் மக்கள் திரண்டு நியாயம் கேட்டார்கள். 2025 நவம்பர் இறுதியில் வந்த தித்வா சூறாவளி பதுளை மாவட்டத்தில் மண்சரிவுகளால் பல உயிர்களைக் கொண்டுபோனது.

ஆகவே உரசும் கதவை அளந்து, அளவைத் திகதியோடு உட்சுவரில் எழுதி வையுங்கள். சுவரில் வெடிப்பு இருந்தால் அதன் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் திகதி எழுதுங்கள். மழைக்குப் பிறகு வெடிப்பு கோட்டைத் தாண்டியிருந்தால் அது இன்னும் வளர்கிறது. கிராம சேவகருக்கும் பிரதேச செயலகத்துக்கும் எழுத்தில் அறிவியுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அதிகாரிகள் வந்து பார்க்கக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117. இருபத்துநான்கு மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழிப்பு, 100 என்றால் ஆயத்தம், 150 என்றால் வெளியேற்றம் என்பது கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவுகோல். கதவு இறுகியிருக்க மழையும் விடாமல் பெய்தால் அளவுகோலைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டாம். பாதுகாப்பான இடத்துக்குப் போய்விடுங்கள்.

இருட்டில், கையால்

வெளியேற வேண்டிய அந்த இரவில் கரண்ட் இருக்காது என்று எண்ணியே ஆயத்தமாக வேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்ததை யாரும் மறக்கவில்லை. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதில் நாடே இருண்டது என்று அப்போது அமைச்சர் சொன்னார். தித்வாவின்போது எத்தனையோ மலைக் கிராமங்கள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன.

வில் உள்ள வீட்டுக் கதவில் விடுவிக்கும் கயிறு இருக்கும். பாரமான கடைக் கதவில் கைச்சங்கிலி அல்லது சுழற்றும் கைப்பிடி இருக்கும். சில மலிவான குழாய் மோட்டர்களில் இரண்டுமே இல்லை. கரண்ட் போனால் கதவு சுவராகிவிடும். கொட்டகைக்கு வேறு வாசல் இல்லை என்றால் வெளியிலிருந்து சாவியால் விடுவிக்கும் வசதி அவசியம். ரோலர் கதவு ஒன்றே வழியாக இருக்கும் அறையில் யாரும் படுத்து உறங்கக் கூடாது. எல்லவின் கடைகளில் பின்னறையில் தங்கும் இளைஞர்களை வைத்திருக்கும் முதலாளிமார் இதை மனதில் கொள்ள வேண்டும். தீயோ மண்ணோ வரும்போது பக்கக் கதவு ஒன்று இருந்தால்தான் உயிர்.

கதவு வாங்குபவர் விலையோடு மூன்று கேள்விகளையும் கேட்கட்டும். கரண்ட் இல்லாமல் எப்படித் திறப்பது? வில் உடைந்தால் யார், எத்தனை நாளில் வருவார்? சட்டத்தின் இரு குறுக்களவுகளையும் எழுதித் தருவீர்களா? பொருத்தி முடிந்ததும் வீட்டில் உள்ள எல்லோரும், ஆச்சி முதல் பள்ளிப் பிள்ளை வரை, அந்தக் கயிற்றைப் பாஸின் முன்னிலையிலேயே இழுத்துப் பழக வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை, ஒக்டோபர் மழைக்கு முன், அதே பயிற்சியையும் அதே அளவையும் திரும்பச் செய்ய வேண்டும்.

லயத்துக் காம்பராவில் ரோலர் கதவு கிடையாது. அங்கே இருப்பது தரையில் இழுபடும் பலகைக் கதவு. ஆனால் மேற்சொன்ன குறுக்களவை ஒரு நூலாலேயே எடுத்துவிடலாம்; கோணிய சட்டம் அங்கேயும் அதே செய்தியைத்தான் சொல்கிறது. விடுதிக்காரர் அறிவித்தால் வந்து பார்க்கும் அதிகாரி, லயத்திலிருந்து அறிவித்தாலும் அதே வேகத்தில் வர வேண்டும். கதவு இறுகுகிறது என்று ஒரு தொழிலாளி சொல்லும்போது தோட்ட நிர்வாகம் ஒரு தச்சனை அனுப்பி அதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. யாராவது அந்தக் காம்பராவுக்குப் பின்னால் உள்ள சரிவில் ஏறிப் பார்க்க வேண்டும். மீரியபெத்தைக்குப் பிறகு, இதைச் சலுகையாகக் கேட்க வேண்டிய நிலையில் அந்த மக்களை வைத்திருப்பது அநியாயம்.